வெள்ளைக்காரர் விட்டுப்போன வாளி

செல்லசாமி அடுப்படித் தரையில் குப்புறப் படுத்து, வெள்ளை வாளியின் வயிற்றில் காதை ஒட்டவைத்திருந்தார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

வாளியோடு வந்த அட்டையில் படம் படமாகப் போட்டிருந்தது. மூடியில் செருகிய வளைந்த குழாயில் குமிழ் குமிழாகப் பொங்க, பக்கத்தில் ஒரு தாடிக்காரன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். செல்லசாமியின் குழாயில் ஊற்றிய தண்ணீர் சவத்தின் கண்ணைப் போல அசையாமல் இருந்தது.

"என்னங்க, புள்ள ஒதைக்குதா?" என்று கேட்டாள் அவர் மனைவி பேச்சியம்மா, அப்பச்சட்டியைச் சுழற்றிக்கொண்டே.

"பேசாம இரு."

"நான் பேசாமத்தான் இருக்கேன். அதுவும் பேசாமத்தான் இருக்கு."

வாசலில் யாரோ கிண்ணத்தைத் தட்டினார்கள். செல்லசாமி எழுந்து வாளியின் மேல் சாக்கைப் போட்டு மூடினார். பேச்சியம்மா காலையில் வரிசை வீடுகளான லயத்து ஆட்களுக்கு அப்பம் சுட்டு விற்பவள். வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில் நாலைந்து பேர் வாங்குவார்கள், அவ்வளவுதான். இந்த வாரம் பார்த்து மேல் லயம், கீழ் லயம், பணிய லயம் என்று வரிசையில் நின்றார்கள். ஒளித்து வைக்க வேண்டிய பொருள் வீட்டுக்குள் இருக்கும்போதுதான் ஊர் முழுக்க வாசலில் வந்து நிற்கும். அது செல்லசாமியின் ராசி.

ஊசிமலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், டயகமவுக்கு மேலே, மேகம் இறங்கிப் படுத்துக்கொள்ளும் உயரத்தில் இருக்கிறது. செல்லசாமி அங்கே தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டினார். பழைய துரை பங்களாவை இப்போது வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அங்கே மாதக்கணக்கில் தங்கியிருந்த ஓர் ஆஸ்திரேலியக் கிழவர் ஊருக்குப் புறப்பட்ட அன்று பங்களா வேன் பழுதாகிவிட, செல்லசாமிதான் அவரை ஹட்டன் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டார். ரயில் வந்ததும் கிழவர் தூக்க முடியாத ஒரு பெட்டியை அவர் கையில் திணித்தார். வீட்டிலேயே பீர் காய்ச்சும் சாமான். வாளி, குழாய், போத்தலுக்கு மூடி அடிக்கும் கருவி, பாகு அடைத்த பெரிய டின். டின்னின் மூடிக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு பாக்கெட். கிழவர் அந்தப் பாக்கெட்டைத் தட்டித் தட்டிக் காட்டி, இது இல்லாவிட்டால் பீரே இல்லை என்று கையை விரித்துச் சொன்னார். அந்த அளவு இங்கிலீசு செல்லசாமிக்குத் தெரியும்.

குடிக்கும் ஆசையில் அவர் அதைக் காய்ச்சவில்லை. 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்வதற்காகக் காய்ச்சினார்.

அவருடைய ஒரே மகள் கிருஷாந்திக்கு நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. கல்யாணம் கட்டியவளுக்கு அங்கே இடமில்லை என்று சொல்லியிருந்தார்கள். அதே நேரம் பார்த்து, தலவாக்கலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த செல்லசாமியின் அக்கா நாகலெட்சுமி, தன் மகன் பிரதாபனுக்குப் பெண் கேட்டு மாசக் கடைசியில் வருவதாகச் சொல்லி அனுப்பினாள். முறைப்பெண். கேட்பதே ஒரு மரியாதைக்குத்தான்.

தாய் செத்த பிறகு செல்லசாமியை வளர்த்து ஆளாக்கியவள் அந்த அக்கா. அவள் முகத்தைப் பார்த்து அவர் இன்றுவரை இல்லை என்று சொன்னதில்லை. இன்னொரு கரண்டி சோற்றுக்குக்கூட.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்ப்பா," என்றிருந்தாள் கிருஷாந்தி. "'இப்ப இல்லக்கா.' இவ்வளவுதான். சண்டையெல்லாம் வேணாம்."

பல் விளக்கும்போது அவர் அதைச் சொல்லிப் பார்த்தார். பற்பசையோடு சேர்த்துத் துப்ப வேண்டியிருந்தது.

ஊசிமலையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: குடிச்சவன் பேச்சு விடிஞ்சா போச்சு. வெறியில் ஒருவன் என்ன பேசினாலும் மறுநாள் யாரும் அதைக் கிளறக்கூடாது. பேசியவன் ஞாபகமில்லை என்பான். கேட்டவனும் ஞாபகமில்லை என்பான். இந்தச் சட்டம் மட்டும் இல்லையென்றால் லயத்தில் பாதிப் பேர் ஆஸ்பத்திரியிலும் மீதிப் பேர் ஜெயிலிலும் இருப்பார்கள். செல்லசாமியின் திட்டம் இதன் மேல்தான் நின்றது. அக்காவும் மச்சான் கந்தப்பனும் வரும் அன்று மச்சானோடு உட்கார்ந்து குடிப்பது. குடியோடு குடியாக 'இல்லை' என்று உளறிவிடுவது. உளறல் கணக்கில் வராது. ஆனால் அக்காவுக்குப் புரிந்துவிடும். கேட்காத மாதிரி இருந்துகொண்டே பேச்சை விட்டுவிடுவாள். தோட்டத்தில் எத்தனையோ சம்பந்தம் இப்படிச் சத்தமில்லாமல் செத்திருக்கிறது.

கந்தப்பனுக்கு வயிற்றுப் புண். சாராயத்தைத் தொடமாட்டார், பீர் மட்டும்தான். கடையில் பீர் விலையைக் கேட்டால் பழைய வெறியும் இறங்கிவிடும். அதனால்தான் அந்தப் பெட்டியை மாரியாத்தாவே ரயிலேற்றி அனுப்பியதாகச் செல்லசாமி நம்பினார்.

டின்னைத் திறந்தபோது கித்துள் பாணி மாதிரி கறுப்பாக, கொழகொழவென்று பாகு வந்தது. வெந்நீரில் ஊற்றி, ஆறவிட்டு, இரண்டு கையாலும் அகப்பையைப் பிடித்துக் கிண்டினார். கை ஒழியாததால், அலமாரியில் எடுத்து வைத்திருந்த பாக்கெட்டை வெட்டிக் கொட்டச் சொன்னார். பேச்சியம்மா கொட்டினாள். மூடியைப் போட்டு இறுக்கினார். அன்றிலிருந்து காதை வைத்துக்கொண்டிருக்கிறார்.

குளிர்தான் காரணம் என்று முடிவு செய்தார். கிழவர் வெயில் ஊர்க்காரர். அவர் ஊர்ச் சரக்குக்கு ஊசிமலைக் குளிர் ஆகவில்லை. வாளியை அடுப்போரம் நகர்த்தினார். அடிப்பக்கம் இளகி, வாளி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பயந்துபோய் இழுத்தார். பிறகு தோட்டத்தில் கொடுத்த கம்பளியைத் தன் மேலிருந்து உருவி வாளிக்குச் சுற்றினார். வாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகத் தொடங்கியது.

"வாளிக்குக் கம்பளி, மனுசனுக்குச் சாக்கு," என்றாள் பேச்சியம்மா. "நல்ல குடும்பம்."

கடைசியில் அடுத்த வீட்டுக் காம்பராவில் இருந்த மூக்கனிடம் போனார். மூக்கன் தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன். அங்கே கொழுந்தை உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு மூலை வருஷம் முழுக்கச் சுடச்சுட இருக்கும். இரண்டு பேருக்குத் தெரிந்தால் அது ரகசியம். மூக்கனுக்குத் தெரிந்தால் அது அறிவித்தல். ஆனால் வேறு வழியில்லை. குடிக்கும் நாளில் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்று மூக்கன் கேட்டான். சரி என்றார். அவர் யாரிடமும் இல்லை என்று சொல்லிப் பழகாதவர்.

கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவே வாளி லொறியில் போனது. இயந்திரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு இருவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். சூடு ஏறியது. குழாயிலிருந்து 'ப்ளக்' என்று ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொன்று.

செல்லசாமிக்குக் கண் கலங்கியது. "கேட்டியா?"

"கேட்டேன்," என்றான் மூக்கன். "எனக்கு இப்பவே லேசாச் சுத்துது."

கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கிவிட்டது. வேலை முடிந்துவிட்டது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். அதனால் தொழிற்சாலைக்குள் ஒரு வெங்காயம்கூடக் கொண்டுபோக முடியாது. மறுநாள் தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பின்பக்கம் வந்துவிட்டார். இது என்ன என்று கேட்டார். செல்லசாமி வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. மூக்கனுக்கு எப்போதும் வார்த்தை வந்துவிடும்; அதுதான் அவனிடம் உள்ள கெட்ட பழக்கம்.

"மாட்டு மருந்துங்க ஐயா."

டீமேக்கரிடம் பால் வற்றிப்போன ஒரு மாடு இருந்தது. ஒரு குடம் கொடு என்றார். கொடுத்தார்கள். மாடு உறிஞ்சிக் குடித்துவிட்டு இன்னும் கேட்டுக் கத்துகிறது என்று மறுநாளும் குடத்தோடு வந்தார். வேலை போய்விடும் பயத்தில் மறுபடியும் கொடுத்தார்கள். மூன்றாம் நாளும் குடம் வந்தால் கந்தப்பனுக்கு மிச்சம் இருக்காது என்று தெரிந்ததும் செல்லசாமி வாளியை லொறியில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அத்தனை குடித்தும் மாடு ஆடவில்லை, விழவில்லை. மாட்டுக்கு உடம்பு பெரிசு என்று அவர் சமாதானம் செய்துகொண்டார்.

இனிப் போத்தலில் அடைக்க வேண்டும். வெற்றுப் போத்தல் வேண்டும். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று அவர் டிக்கோயா வரை போனார். அங்கே ஒரு மதுக்கடையின் பின்வாசலில் கேட்டு வாங்கிச் சாக்கு நிறைய நிரப்பினார். திரும்பும்போது தலவாக்கலையில் பஸ் மாற வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பயத்தில் மறந்துவிட்டார். பயந்தவன் எதை மறக்கக்கூடாதோ அதைத்தான் முதலில் மறப்பான். பஸ் ஒவ்வொரு வளைவிலும் சாய, சாக்கு கோயில் மணி மாதிரி கலகலத்தது. பின்சீட்டில் அக்காவின் தோட்டத்தில் அவளோடு கொழுந்து எடுக்கும் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சாக்கைப் பார்த்தார்கள். அவரைப் பார்த்தார்கள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அவர் வீடு வந்து சாக்கை இறக்குவதற்குள் போன் வந்துவிட்டது.

"தம்பி, ஒன்னப் பத்திக் கேள்விப்பட்டேன்," என்றாள் நாகலெட்சுமி. குரல் உடைந்திருந்தது. "சாக்கு சாக்கா குடிக்கிறியாமே. நான் ஒண்ணும் கேக்கலடா. ஆனா குடிகாரன் வீட்டுல கொமரிப்புள்ள இருக்கக் கூடாது. மாசக் கடைசி வரைக்கும் பொறுக்க மாட்டேன். வர்ற ஞாயித்துக்கெழமையே வந்து பேசி முடிச்சுர்றோம்."

கிருஷாந்தி எதிரில் நின்று, இப்ப இல்லக்கா, இப்ப இல்லக்கா என்று உதட்டை அசைத்துக் காட்டினாள்.

"சரிக்கா," என்றார் செல்லசாமி.

கிருஷாந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே போய்விட்டாள். அவள் சத்தம் போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

போத்தலில் அடைத்தபின் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சீனி போட்டு, இரண்டு வாரம் கதகதப்பாக வைக்க வேண்டும் என்று அட்டையில் இருந்தது. ஞாயிறுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. செல்லசாமி சீனியை இரண்டு மடங்காகப் போட்டார். போட்டு மூடி அடித்த பிறகுதான் கடைசிப் படத்தைப் பார்த்தார். ஒரு போத்தல் வெடித்துச் சிதறுவதுபோல வரைந்து, அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்தது. சீனி கூடினால் வெடிக்குமாம்.

அன்றிலிருந்து கட்டிலுக்குக் கீழே குண்டை வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். போத்தல்களை ஈரச் சாக்கால் மூடி, மேலே மெத்தையைப் போட்டார். கண்ணாடி தெறிக்கும் என்று மூன்று பேரும் அடுப்படியில் நெருக்கிப் படுத்தார்கள். அப்பம் வாங்க வருகிறவர்கள் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் கால் வைக்கக்கூடாது என்று கயிறு கட்டினார். அதற்கும் கூட்டம் குறையவில்லை. கயிற்றுக்கு வெளியே நின்று கையை நீட்டினார்கள். வெள்ளி போனது, சனி போனது. ஒரு போத்தலும் வெடிக்கவில்லை. வெடிக்காத குண்டுக்குப் பயப்படுவதுபோல மனிதனைக் களைக்க வைக்கும் வேலை வேறு இல்லை.

ஞாயிறு மத்தியானம் அக்காவும் மச்சானும் வந்தார்கள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. பிரதாபன் வரவில்லை, அவன் வர வேண்டிய தேவையும் இல்லை. கோழிக்குழம்பு கொதித்தது. மூக்கன் தலைசீவி, வெள்ளைச் சட்டையோடு முதல் ஆளாக உட்கார்ந்திருந்தான்.

கந்தப்பன் ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார். "இனிக்குது மாப்ள."

"வெளிநாட்டுச் சரக்கு மச்சான். நம்மூரு பீர்தான் கசக்கும்."

"நொரையக் காணோமே."

"நொர வர்றதெல்லாம் மட்டம்."

மூக்கன் ஒரே மூச்சில் அரைப் போத்தலை இறக்கிவிட்டு, நெஞ்சைத் தடவி, ஏறுது என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எல்லோரும் காத்திருந்தது போலிருந்தது. கந்தப்பன் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். செல்லசாமிக்குக் காது சூடானது. இரண்டாவது போத்தலில் மூக்கன் ஒரே விஷயத்தை மூன்று தடவை சொன்னான். மூன்றாவதில் கந்தப்பன் எழுந்து நின்று, இடுப்பை ஆட்டி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மனைவிக்கு எதிரில் வந்து நின்றார்.

"லெச்சுமி, கல்யாணம் கட்டுன நாள்லேருந்து சொல்லணும்னு இருந்தேன். ஒன் மீன் கொழம்ப வாயில வைக்க முடியாது."

நாகலெட்சுமி சிரித்துவிட்டாள். "வெறி," என்றாள்.

மூக்கன் எப்போது வெளியே போனான் என்று தெரியவில்லை. மேலே தலைவர் பெரியதம்பியின் வாசலிலிருந்து அவன் குரல் கேட்டது. பெரியதம்பி தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். கோயில் பரிபாலனமும் அவர்தான். கோயிலுக்கு வந்த கூரைத் தகரம் எங்கே, உங்கள் மாட்டுக் கொட்டிலின் மேலே இருப்பது எந்தத் தகரம் என்று மூக்கன் லயம் முழுக்கக் கேட்கக் கேட்டான். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யாரும் கேட்காத கேள்வி. கேட்டு முடித்துவிட்டுத் தண்ணீர் ஓடும் கானில் விழுந்து அங்கேயே படுத்துக்கொண்டான்.

செல்லசாமிக்கு இப்போது தைரியம் இருந்தது. உடம்பு லேசாக மிதந்தது. அக்கா எதிரில் உட்கார்ந்திருந்தாள். கதவோரம் கிருஷாந்தி நின்றாள்.

"அக்கா," என்றார். "நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுவ, சொல்லுவ. மொதல்ல தின்னு." நாகலெட்சுமி சோற்றைப் பிசைந்து உருட்டி, அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். "குடிச்சுக் குடிச்சு எப்பிடி எளைச்சுட்ட. இந்தா, ஒரு வாய்."

வாங்கிக்கொண்டார்.

"இன்னொரு வாய்."

அதையும் வாங்கிக்கொண்டார். தொண்டையில் சோறும், மனப்பாடம் பண்ணிய வார்த்தையும் ஒன்றாக மாட்டின. சோறு இறங்கியது; வார்த்தையும் அதோடு இறங்கிவிட்டது. அழுகை வந்தது. வெற்றிலைத் தட்டை இரண்டு கையாலும் தூக்கி அக்காவிடம் கொடுத்தார்.

"எடுத்துக்கக்கா. கிருஷாந்தி ஒன் மருமக. குடுத்துட்டேன்."

கதவோரம் யாரும் இல்லை.

மறுநாள் காலையில் அவருக்குத் தலைவலிகூட இல்லை. உயர்ந்த சரக்கு என்று நினைத்துக்கொண்டார். சொன்னதெல்லாம் ஒரு வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருந்தது. அதுதான் கொடுமை. கிருஷாந்தி தேத்தண்ணியைக் கொண்டுவந்து எதிரில் வைத்தாள். அழுத முகம், ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"குடிச்சவன் பேச்சு விடிஞ்சா போச்சுன்னு சொல்லுவீங்களேப்பா. விடிஞ்சிருச்சு."

வாழ்க்கையில் முதல் தடவையாகச் செல்லசாமி தானாகவே அக்காவுக்குப் போன் செய்தார். வெறியில் உளறிவிட்டேன், மறந்துவிடு என்றார். அக்கா மறக்கவில்லை. தட்டு மாற்றிய வாக்கு, நீ நேராகத்தான் நடந்தாய், நேராகத்தான் பேசினாய் என்றாள். இரண்டு பக்கமும் இறங்காமல் பேச்சு தலைவரிடம் போனது. அடுத்த ஞாயிறு மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். லயம் முழுக்க வந்து உட்கார்ந்தது.

தலைவர் பெரியதம்பி தொண்டையைச் செருமினார். கேள்வி ஒன்றே ஒன்றுதான் என்றார். செல்லசாமி வெறியில் சொன்னாரா, சுயபுத்தியில் சொன்னாரா? வெறி என்றால் அந்த வாக்கும் இல்லை. அன்று மத்தியானம் வேறு சிலர் பேசிய தகரப் பேச்சும் இல்லை. அப்படிச் சொல்லும்போது மூக்கனைப் பார்த்தார். சுயபுத்தி என்றால், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டிவரும் என்றார். மூக்கன் அவசரமாக எழுந்து, தனக்குத் தகரம் என்ற சொல்லே தெரியாது என்றான்.

கந்தப்பன் எழுந்தார். தானும் அன்று தன்னிலையில் இல்லை என்றார். "சுயபுத்தியோட இருந்தா லெச்சுமி கொழம்பப் பத்தி அப்பிடிச் சொல்லியிருப்பேனா? நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் நாகலெட்சுமியைப் பார்த்தார்கள். தம்பி சுயபுத்தியில் இருந்தான் என்றால், அதே போத்தலைக் குடித்த புருஷனும் சுயபுத்தியில்தான் இருந்திருக்க வேண்டும். அவள் கந்தப்பனை வெகுநேரம் பார்த்தாள். கந்தப்பன் தரையைப் பார்த்தார்.

"வெறியாத்தான் இருக்கும்," என்றாள் கடைசியில். "ஆனா என் தம்பி வாயால சொல்லட்டும்."

செல்லசாமி எழுந்து நின்றார். இந்தத் தடவை வாய் திறந்தது. பாகு டின்னையும் வெற்றுப் போத்தல்களையும் கையோடு கொண்டுவந்த சாக்கிலிருந்து எடுத்து மண்டபத்தில் வரிசையாக வைத்தார்.

"இந்தப் பாகு வெறும் சக்கரத் தண்ணிங்க. பச்சப்புள்ளைக்கும் குடுக்கலாம். இத பீராக்குறது உள்ள இருந்த ஒரு பாக்கெட்டுத் தூளு. அது இல்லன்னா பீரும் இல்ல, வெறியும் இல்லன்னு வெள்ளக்காரரே எங்கிட்டச் சொன்னாரு. அந்தத் தூள என் பொண்டாட்டி கையால கொட்டி, ட்ரையர் சூட்டுல வச்சு, ப்ளக் ப்ளக்குன்னு கொதிச்ச சரக்கு. மூணு போத்தல் குடிச்சேன். அக்கா, நான் சுயபுத்தியில அந்த வாக்கக் குடுத்திருந்தா, நானே என் மகளக் கூட்டியாந்து ஒன் வீட்டுல விடுவேன். மாரியாத்தா மேல சத்தியம்."

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. தலைவர் தீர்ப்பைச் சொன்னார்: விடிஞ்சா போச்சு. வாக்கும் போச்சு, தகரமும் போச்சு, குழம்பும் போச்சு. நாகலெட்சுமி மூக்கைச் சிந்திவிட்டு, புள்ள படிச்சிட்டு வரட்டும், பொறவு பாப்போம் என்றாள். தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிருஷாந்தி தகப்பனைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தாள். செல்லசாமிக்குத் தன் நெஞ்சுக்குள்ளேயே ஒரு 'ப்ளக்' கேட்டது.

பேச்சியம்மா எல்லோருக்கும் தேத்தண்ணியும் அப்பமும் கொண்டுவந்தாள். தலைவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரம் வலை வலையாக, நடுவில் பஞ்சு மாதிரி உப்பியிருந்தது. பிட்டு வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

"எப்பிடிம்மா இது? இந்தக் குளிர்ல எங்க வீட்டு மாவு கல்லு மாதிரி கெடக்கு. ஒனக்கு மட்டும் எப்பிடி இப்பிடிப் பொங்குது? என்ன கைப்பக்குவம்."

கட்டிவந்த நாளிலிருந்து பேச்சியம்மாவைச் சபையில் யாரும் புகழ்ந்ததில்லை. அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வெட்கமும் பெருமையுமாகப் புருஷனை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"கைப்பக்குவம் எல்லாம் இல்லைங்க தலைவரே, அந்த வெள்ளக்காரரு பாக்கெட்டச் சக்கரத் தண்ணியில கொட்டி வீணாக்க மனசு வரல, அத அப்பமாவுக்கு எடுத்து வச்சுட்டு, எங்கிட்டக் கெடந்த கெட்டுப்போன பழைய ஈஸ்ட்டத்தான் இவரு வாளியில கொட்டுனேன்."